பூசணம் பூத்த பாலாடைக்கட்டி

பெங்களூருவிலிருந்து ஓசூர் போகும் சாலையில் சந்தாபுரா இருக்கிறது. சாலை ஓரத்தில் அடுக்குமாடி வீடுகள் எழும்பி நிற்கின்றன. கொஞ்சம் உள்ளே, ஆனேக்கல் பக்கம் போனால் இன்னும் மாடு கட்டுகிறார்கள், ஆடு மேய்க்கிறார்கள். மாட்டுப்பாலைச் சொசைட்டியில் அளந்து வாங்கிக்கொள்வார்கள். ஆட்டுப்பாலை என்ன செய்வது? குட்டி குடித்தது போக ஒரு லிட்டர் மிஞ்சினால் பெரிது. அது பெரும்பாலும் வீட்டு டீயோடு சரி.

இத்தாலி நாட்டின் வடமேற்கில் ரோக்காவெரானோ என்ற மலை ஊர் இருக்கிறது. அங்கும் சின்னப் பண்ணைகள்தான். சில வெள்ளாடுகள், சில செம்மறிகள், ஒரு மாடு. எதன் பாலும் தனியாகப் போதாது. அதனால் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கட்டியாக்கினார்கள். அதன் பெயர் ரொபியோலா.

நம் திண்டுக்கல் பூட்டுக்கும் மைசூர் பட்டுக்கும் கிடைத்ததுபோல, 1996-இல் அந்தக் கட்டியின் பெயருக்கும் ஐரோப்பாவில் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. பாலில் பாதியாவது ஆட்டுப்பாலாக இருக்க வேண்டும். மீதி மாட்டுப்பாலோ செம்மறிப்பாலோ இருக்கலாம். ஒரு கட்டியின் எடை 250 முதல் 400 கிராம்.

செய்முறையின் முதல் நாள் நம் தயிர் போலத்தான். பாலுக்கு உறை ஊற்றுவார்கள். கூடவே, பாலைத் திரட்டும் ரென்னெட் என்ற பொருளைச் சில சொட்டு விடுவார்கள். முன்பு அதைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்தார்கள். இப்போது நுண்ணுயிரிகளிலிருந்து எடுத்ததும் கிடைக்கிறது. ஓர் இரவில் பால் உறைந்துவிடும். கரண்டியால் மெதுவாக அள்ளி, ஓட்டை போட்ட சிறு கிண்ணங்களில் இடுவார்கள். நீர் வடிந்ததும் உப்புத் தூவுவார்கள்.

பிறகுதான் வேடிக்கை. குளிர்ந்த, ஈரமான அறையில் வைத்தால் மேலே வெள்ளைப் பூசணம் படரும். நம் வீட்டில் என்றால் முகம் சுளித்து எறிந்துவிடுவோம்! ஆனால் அங்கே வேலை செய்வதே அதுதான். மேல்பக்கத்துப் புளிப்பை அது தின்றுவிடும். புரதத்தையும் உடைக்கும். கட்டி வெளியிலிருந்து உள்நோக்கிக் குழையும். பத்துப் பதினைந்து நாளில் தோலுக்கு அடியில் வெண்ணெய் போலவும், நடுவில் சுண்ணாம்புக் கட்டி போலவும் இருக்கும். ஆட்டுப்பால் சற்றுக் காரமான மணம் தரும். மாட்டுப்பால் அதைத் தணிக்கும்.

நம் பக்கத்திலும் பாலாடைக்கட்டி புதிதல்ல. புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் லா ஃபெர்ம் என்ற இடத்தில் பல ஆண்டுகளாகச் செய்கிறார்கள். பெங்களூருவின் மறுபக்கம், தும்கூர் சாலையில், கிறிஸ்தவத் துறவிகள் இத்தாலிய முறையில் செய்கிறார்கள். பத்து லிட்டர் பாலில் மென்மையான கட்டி ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். விலை பாலைவிடப் பல மடங்கு. ஆனால் குளிர் அறைக்கும் மின்சாரத்துக்கும் செலவு உண்டு. விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் வேண்டும். இரண்டு ஆடு வைத்திருப்பவர் தனியாக இறங்கினால் கட்டாது. நாலைந்து வீடு சேர்ந்தால் யோசிக்கலாம்.

ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. ரோக்காவெரானோவில் காய்ச்சாத பாலில்தான் செய்கிறார்கள். அவர்களின் கால்நடைகளுக்குக் கண்டிப்பான நோய்ச் சோதனை உண்டு. சோதனை இல்லாத பாலில் அப்படிச் செய்வது விபரீதம். ஆட்டுப்பால் வழியாகப் புருசெல்லா என்ற கிருமி மனிதருக்கு வரும். விட்டுவிட்டுக் காய்ச்சல், மூட்டுவலி என்று மாதக்கணக்கில் வாட்டும். லிஸ்டீரியா என்ற கிருமி குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் வளரும். புளிப்பு குறைந்த இந்தக் கட்டி அதற்கு நல்ல இடம். கர்ப்பிணிக்கு அது தொற்றினால் கரு கலையலாம்.

ஆகவே பாலை 63 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்து, ஆற்றி, பிறகே உறை ஊற்ற வேண்டும். அதன் பிறகும் கையும் பாத்திரமும் சுத்தமாக இருக்க வேண்டும். கறுப்போ சிவப்போ படர்ந்தால் கட்டியை எறிந்துவிட வேண்டும். கர்ப்பிணிகள் இந்த வகைக் கட்டியைத் தவிர்ப்பது நல்லது. சினையாடு குட்டியை வீசிவிட்டால், அந்தப் பாலை எதற்கும் எடுக்காமல், கால்நடை மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். விழுந்த குட்டியை வெறுங்கையால் தொடவும் கூடாது.