மூக்கைத் தூக்கும் மூன்று நொடி

"ஓடுபாதையில் போதிய வேகம் வந்துவிட்டால் விமானம் தானாக எழும்பிவிடாதா? விமானி எதற்கு மூக்கைத் தூக்குகிறார்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கூடவே, விமானி தொடாமலே கிளம்பும் விமானத்தின் காணொலி ஒன்றை அனுப்பி, "இனி இந்த வேலையே ஒழிந்தது, அப்படித்தானே?" என்றும் கேட்கிறார். காணொலிக்குப் பிறகு வருகிறேன்.

தானாக எழும்பாது. தரையில் ஓடும்போது பயணிகள் விமானத்தின் உடல் ஏறக்குறையக் கிடைமட்டமாக இருக்கும். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் சிறியது. மணிக்கு 280 கிலோமீட்டரில் பாய்ந்தாலும் எடைக்கு ஈடான தூக்குவிசை கிடைக்காது. மூக்கு ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் விசை கூடும். அதனால்தான் பக்கத்து இருக்கையிலிருந்து "ரொட்டேட்" என்று குரல் வந்ததும் ஓட்டுகிறவர் தண்டைத் தன் பக்கம் இழுக்கிறார். வாலிலுள்ள மடல்கள் மேல்நோக்கித் திரும்ப, காற்று வாலைக் கீழே அமுக்குகிறது. மேலே போக வேண்டிய விமானம் முதல் கணத்தில் தரையை இன்னும் கொஞ்சம் அழுத்தமாக மிதிக்கிறது என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை.

பாரம் ஏற்றிய வில்வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பின்பாரம் கூடினால் வண்டி அச்சில் சாயும், நுகத்தடி மேலே கிளம்பும். விமானத்துக்கு அச்சு, இறக்கைக்கடியிலுள்ள பிரதான சக்கரங்கள். வாலை அமுக்கும் காற்று, வண்டியின் பின்னால் ஏறிக் குந்தும் பையன். இனி உவமையைக் கொஞ்சம் இழுக்கிறேன், பொறுத்தருளுங்கள். வண்டி சாயச் சாய யாரோ அதை மேலேயிருந்து தூக்குகிறார்கள். பாரம் குறையக் குறைய அமுங்கிக் கிடந்த வில் நிமிர்ந்து, வண்டியை அச்சுக்கு மேலே உயர்த்துகிறது. பையன் பதமாகக் குந்தினால் வில் நிமிர நேரம் கிடைக்கும். தொப்பென்று குதித்தால் அது நிமிருமுன்பே வண்டியின் பின்பக்கம் மண்ணில் உரசும். (மாடுகளின் கதி என்ன என்று கேட்காதீர்கள்.)

அந்த வில்லின் வேலையை விமானத்தில் செய்வது, சக்கரக் காலுக்குள் எண்ணெயும் வாயுவும் அடைத்த அமைப்பு. நம் ஊர் விமான நிலையங்களிலும் வந்துபோகும் ஏர்பஸ் ஏ321-ஐ எடுத்துக்கொள்வோம். சக்கரம் தரையில் இருக்க, கால் முழுதாக நீண்ட நிலையில் மூக்கு 11.2 டிகிரி ஏறினால் வால் தட்டும். கால் அமுங்கியிருந்தால் 9.7 டிகிரியிலேயே தட்டிவிடும். விமானி எட்ட வேண்டிய கோணமோ சுமார் 15 டிகிரி! 11 வருவதற்குள் சக்கரம் தரையை விட்டிருக்க வேண்டும், அதுதான் கணக்கு. நொடிக்கு மூன்று டிகிரி என்பது விதி. ஒன்றரை டிகிரி வித்தியாசம் என்றால் அரை நொடி. தூக்குவிசை காலை நிமிர்த்துவதற்கும் கை வாலை இறக்குவதற்கும் இடையே நடக்கும் இந்தப் பந்தயம்தான் முழு விஷயமும். எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று திரை காட்டும். எத்தனை வேகத்தில் ஏறுகிறது என்று காட்டும் முள் வழக்கமான விமானங்களில் கிடையாது. கைக்குப் பழகியிருந்தால் உண்டு.

பயந்து மெதுவாக இழுத்தால்? நொடிக்குச் சுமார் 78 மீட்டர் பறிபோகும். எட்டு டிகிரி ஏற மூன்றுக்குப் பதில் இரண்டு டிகிரி வேகத்தில் இழுத்தால் நூறு மீட்டர் ஓடுபாதை கூடுதலாகச் செலவு. 2017 மார்ச்சில், கடல்மட்டத்துக்கு 2,500 மீட்டருக்கு மேலுள்ள பொகோட்டாவிலிருந்து கிளம்பிய ஏர் பிரான்ஸ் ஏ340 ஒன்று இப்படி மெதுவாக எழும்பி, ஓடுபாதையின் விளிம்பை அபாயகரமான தாழ்வில் கடந்தது. விசாரித்த பிரெஞ்சு அமைப்பு அந்த ஒரு விமானியின் கையோடு நிற்கவில்லை. அன்றாடப் பறப்புகளிலேயே பொதுவாக மூக்கு, தூரக் கணக்கு எதிர்பார்த்ததைவிட மெதுவாகத்தான் ஏறுகிறது என்று தெரியவந்தது. காகிதத்திலிருந்த விமானி வேறு, இருக்கையிலிருந்த விமானி வேறு.

வரலாறும் கேட்பீர்கள். முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட், 1952-ல் ரோமிலும் 1953 மார்ச்சில் கராச்சியிலும் மூக்கை அளவுக்கு மீறித் தூக்கி, எழ முடியாமல் விபத்துக்குள்ளானது. கராச்சியில் 11 பேர் இறந்தார்கள். முதலில் பழி விமானிகள் தலையில் விழுந்தது, பிறகுதான் இறக்கையின் முன்விளிம்பைத் திருத்தினார்கள். இன்று புது விமானங்களை, வாலுக்கடியில் தேய்மானக் கட்டை பொருத்தி, வேண்டுமென்றே ஓடுபாதையில் உரசவைத்துச் சோதிக்கிறார்கள். போதும்.

காணொலிக்கு வருவோம். 2019 டிசம்பரில் துலூஸில் ஏர்பஸ்ஸின் சோதனை ஏ350 கேமரா பார்த்துத் தானாகக் கிளம்பியது உண்மை. உள்ளே விமானிகளும் இருந்தார்கள் என்பது, நமக்கு வந்துசேரும் துணுக்குகளில் உதிர்ந்துவிடுகிறது. நொடிக்கு மூன்று டிகிரி என்று சொன்னால் இயந்திரம் நம்மைவிட ஒழுங்காக இழுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த வேகத்தில் இழுப்பது? 2009 மார்ச் 20 அன்று மெல்பர்னில் எமிரேட்ஸ் ஏ340 ஒன்றுக்குக் கணினியில் ஏற்ற வேண்டிய எடை 362.9 டன். ஏறியது 262.9. அது சொன்ன குறைந்த வேகத்தில், குறைந்த உந்துவிசையில் மூக்கைத் தூக்கினார்கள். தூக்குவிசை வரவில்லை, வால் உரசியது. கேப்டன் முழு விசையைத் திறந்ததால், ஓடுபாதை முடிந்த பிறகு ஒருவழியாக எழும்பி, 275 பேரோடு பத்திரமாகத் திரும்பி இறங்கியது. தவறான எண்ணைக் கொடுத்திருந்தால் இயந்திரமும் அதே இடத்தில், அதே வாலைத்தான் உரசியிருக்கும், இன்னும் துல்லியமாக. இந்த ஓட்டம் சரியில்லை என்று உறைக்க வேண்டியதுதான் விமானிக்கு மிச்சமுள்ள வேலை. அதை அந்தக் காணொலி காட்டவில்லை.

அடுத்த முறை இறக்கைப் பக்கம் இடம் கிடைத்தால் மூக்கு எழுந்ததிலிருந்து எண்ணிப் பாருங்கள். மூன்று, நான்குக்குள் காலடியில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கலாம். எதுவும் கழன்று விழவில்லை. சக்கரக் கால் முழுதாக நீண்டு முட்டும் ஓசை அது.