தரங்கம்பாடியில் ஓர் இரவு

சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கும் எங்களுக்குக் கடலைக் காண்பதென்றால் ஒரு நாள் பயணம். பணி ஓய்வுக்குப் பிறகு நான் பெரும்பாலும் தரங்கம்பாடிக்கே செல்கிறேன். மயிலாடுதுறை வரை ரயில், அதன்பின் ஏறத்தாழ 30 கி.மீ. பேருந்து. பொருளாதாரம் கற்பித்தவருக்குக் கோட்டையில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ஒரு துறைமுகம் எவ்வாறு வாழ்ந்து, எவ்வாறு தேய்கிறது என்பதை இந்தச் சிறிய பேரூராட்சி விளக்குவதுபோல் நான் நடத்திய எந்தப் பாடமும் விளக்கியதில்லை.

1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருடன் உடன்படிக்கை செய்துகொண்டு, இங்கு வணிகம் செய்ய இடமளித்தார். அவர் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் டென்மார்க் அரசு ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளது. அந்த உடன்படிக்கையில் எழுந்ததே டேனிஷ் கோட்டை. அதற்கு முன்பே இது துறைமுகம்தான் என்பதற்குக் கடற்கரையில் நிற்கும் மாசிலாமணி நாதர் கோயில் சான்று. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் கட்டப்பட்ட அக்கோயிலின் முன்பகுதியைக் கடல் விழுங்கிவிட்டது.

1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டதைப் பலரும் அறிவர். என்னைக் கவர்வது அதன் பின்னிருந்த காகிதக் கணக்கு. ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரியவை; காகிதத்தைத் தின்றன. காகிதமோ ஐரோப்பாவிலிருந்து வரவேண்டும். எனவே எழுத்துகளைச் சிறியதாக இங்கேயே வார்த்தனர். அருகில் காகிதப் பட்டறையும் அமைத்தனர். பொறையாறு அருகே கடுதாசிப்பட்டறை என்ற ஊர்ப்பெயர் இன்றும் அதைச் சொல்கிறது.

டேனியர்களின் உண்மையான மூலதனம் நடுநிலைமை. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டனும் பிரான்ஸும் போரிட்டபோது, டேனிஷ் கொடி பறந்த கப்பல்கள் பாதுகாப்பாகச் சென்றன. ஆங்கிலேயக் கம்பெனி ஊழியர்கள்கூடத் தாங்கள் இங்கு சேர்த்த செல்வத்தை அவற்றின் வழியே ஊருக்கு அனுப்பினர். 1808-இல் ஆங்கிலேயர் ஊரைக் கைப்பற்றியதும் அந்தச் சலுகை முடிந்தது. 1815-இல் திரும்பக் கிடைத்த ஊரை வைத்து டேனியர்கள் லாபம் காணவில்லை. 1845-இல் வங்கத்தின் செராம்பூர் உள்ளிட்ட உடைமைகளோடு சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு விற்றனர்.

அடுத்த அடி, ரயில். 1861-இல் நாகப்பட்டினத்துக்கு இருப்புப்பாதை வந்தது. சரக்கு அங்கே போயிற்று. தரங்கம்பாடிக்கு ரயில் வந்ததோ 1926-இல்தான். அதுவும் 1986-இல் நிறுத்தப்பட்டது. 2004 ஆழிப்பேரலையின் இழப்பைச் சொல்லி மாளாது.

இன்று இந்த ஊரிடம் மிஞ்சியிருப்பது சுற்றுலா. ஆனால், வருவோர் கோட்டையைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்தில் காரைக்காலுக்கோ பூம்புகாருக்கோ கிளம்பிவிடுகின்றனர். மணிவிழாவுக்கு உறவினர் புடைசூழ வருவோர் அருகிலுள்ள திருக்கடையூரிலேயே தங்கிவிடுகின்றனர் (நானும் என் மணிவிழாவில் அதைத்தான் செய்தேன்). நுழைவுக் கட்டணத்தால் ஓர் ஊர் பிழைப்பதில்லை. இரவுத் தங்கலும், இருவேளை உணவும், காலையில் வாங்கும் மீனுமே உள்ளூர்க் கைகளுக்குப் பணத்தைக் கொண்டுசேர்க்கும்.

சென்ற முறை நானும் மனைவியும் ஓரிரவு தங்கினோம். மாலையில் ராஜ வீதியில் 1718-இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் வரை நடந்தோம். வெயில் தாழ்ந்த பிறகுதான் அந்தத் தெருவின் அழகு தெரிகிறது. விடியற்காலையில் மாசிலாமணி நாதர் கோயிலருகே படகுகள் திரும்புவதைப் பார்த்தபடி தேநீர் அருந்தினோம். கடைக்காரர், "ராத்திரி இங்கேயா தங்குனீங்க சார்?" என்று வியப்போடு கேட்டார்.

மயிலாடுதுறை–தரங்கம்பாடி ரயிலை மீண்டும் இயக்க வேண்டும் என்பது இப்பகுதி மக்களின் நெடுநாள் கோரிக்கை. பயணச்சீட்டு வருவாயை மட்டும் கணக்கிட்டால் அது நட்டமாகவே தோன்றும். திருக்கடையூருக்கு வரும் கூட்டத்தையும், தரங்கம்பாடியில் தங்கக்கூடியவர்கள் செலவிடும் பணத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே ரயில்வே முடிவு சொல்ல வேண்டும்.