மணற்குவியலும் மலைச்சரிவும்

மணவாள நகரில் மலை ஏதும் இல்லை. ஆனால் வீடு கட்டும் இடங்களில் மணற்குவியல்கள் உண்டு. மலைச்சரிவின் அடிப்படை விதியைக் கற்க ஒரு கூடை மணலே போதும்.

ஓர் அகன்ற தாம்பாளத்தில் உலர்ந்த மணலை மெதுவாகக் கொட்டுங்கள். குவியல் உயர்ந்துகொண்டே போகும். ஆனால் அதன் பக்கங்கள் ஏறக்குறைய 35 பாகைச் சாய்வுக்கு மேல் நிற்பதில்லை. மேலும் கொட்டினால் மணல் வழிந்துவிடும். புவியீர்ப்பு மணிகளைச் சாய்வின் வழியே கீழே இழுக்கிறது. மணிகளுக்கு இடையேயுள்ள உராய்வு அவற்றைப் பிடித்து நிறுத்துகிறது. இழுப்பு உராய்வை மிஞ்சும்போது சரிவு ஏற்படுகிறது. இப்போது தாம்பாளத்தின் விளிம்பை விரலால் தட்டுங்கள். புதிதாக ஒரு மணிகூடச் சேராமலே குவியல் சரிகிறது அல்லவா? நிலநடுக்கம் மலைக்குச் செய்வதும் இதுவே.

1950 ஆகஸ்டு 15 அன்று அசாம்-திபெத் எல்லைப் பகுதியில் 8.6 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. சரிந்து விழுந்த மண்ணும் பாறையும் சுபன்சிரி ஆற்றை அடைத்துக்கொண்டன. எட்டு நாட்களுக்குப் பின் அந்த இயற்கை அணை உடைந்து, சுமார் 7 மீட்டர் உயரத்திற்கு வெள்ளம் பாய்ந்தது. 500-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிலம் ஆடி ஓய்ந்த பிறகு நேர்ந்த இழப்பு இது! 2011 செப்டம்பர் 18-இல் சிக்கிமில் 6.9 அளவுள்ள நடுக்கம் வந்தபோது, மலைகள் பருவமழையில் ஊறியிருந்தன. மண்ணுக்குள் நிரம்பிய நீர் உராய்வைக் குறைத்துவிடும். பல இடங்களில் சரிவுகள் சாலைகளை மூடியதால், மீட்புப் படையினர் வடக்குச் சிக்கிமை அடைவதே கடினமாயிற்று.

எந்தச் சரிவு விழக்கூடும் என்பதை முன்னரே அறியலாமா? ஓரளவு அறியலாம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதற்காக 2014-இல் ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. நாட்டின் மலைப்பகுதிகளில் நான்கு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பு இதில் அடங்கும். நம் நீலகிரியும் அதில் ஒன்று. வரைபடத்தில் 1 சென்டிமீட்டர் என்பது நிலத்தில் அரைக் கிலோமீட்டர்.

முதலில் பழைய சரிவுகளைக் குறிக்கிறார்கள். பிறகு சாய்வு, பாறையின் வகை, மண்ணின் ஆழம், நிலப்பிளவுகள், ஓடைகள், நிலத்தின் பயன்பாடு ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிறார்கள். பழைய சரிவுகளோடு எது அதிகம் இணைந்துள்ளதோ, அதற்கு மதிப்பெண் அதிகம். மதிப்பெண்களைக் கூட்டினால், ஆபத்து மிகுந்த இடம், நடுத்தர இடம், குறைந்த இடம் எனப் பிரித்துவிடலாம்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. மழை பெரும்பாலும் நீர் சேரும் பள்ளங்களையும் ஓடைக்கரைகளையும் சரிக்கிறது. நிலநடுக்கமோ மலையின் முகட்டருகே அதிகமாகச் சரிக்கிறது. ஏனெனில் அங்கேதான் ஆட்டம் பெருகுகிறது. ஆகவே மழைச் சரிவுகளை மட்டும் வைத்து வரைந்த படம், நடுக்கத்தின்போது நம்மை ஏமாற்றிவிடலாம். மேலும், நடுக்கத்தில் விழாமல் நின்ற சரிவும் விரிசல் விட்டிருக்கும். அடுத்த மழையில் அது விழக்கூடும். எனவே பெரிய நடுக்கத்திற்குப் பின் படத்தைத் திருத்தியாக வேண்டும். இத்தகைய படம் 'எங்கே' என்பதைச் சொல்லும். 'எப்போது' என்பதைச் சொல்லாது. எனினும் பள்ளியையும் மருத்துவமனையையும் எங்கே கட்டலாகாது என்று அறிய 'எங்கே' என்பதே போதும்.

மாணவர்களே, தாம்பாளத்தில் இரண்டு மூன்று குவியல்களை வெவ்வேறு சாய்வுகளில் அமையுங்கள். தட்டுவதற்கு முன், எங்கெங்கே சரியும் என்று தாளில் வரைந்து வையுங்கள். பிறகு தட்டிப் பாருங்கள். உங்கள் வரைபடம் எத்தனை இடங்களில் பலித்தது?