தாய்ப்பலகை வாங்கும் முன்

கடந்த ஆண்டு கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கணினி அறிவியல் படித்த மாணவன் ஒருவன் ஆய்வகத்துக்கு வந்தான். கையில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே புத்தம் புதிய மதர்போர்டு.

“மிஸ், பிராசசர் இதுல உட்காரவே மாட்டேங்குது. கொஞ்சம் அழுத்திப் பார்த்தேன்” என்றான்.

சாக்கெட்டைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. உள்ளிருந்த நுண்ணிய ஊசிகள் ஓர் ஓரத்தில் மடிந்து கிடந்தன.

கேம் விளையாட ஒரு கணினியைத் தானே பூட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. கல்லூரியில் படித்துக்கொண்டே, முகூர்த்த நாள்களில் கேட்டரிங் வேலைக்குப் பந்தி பரிமாறப் போய்ச் சேர்த்த பணம் அது. நண்பனிடம் ரைசன் 5 5600 பிராசசரைப் பழையதாக வாங்கியிருக்கிறான். அது ஏஎம்4 சாக்கெட்டுக்கு உரியது. ‘புதுசு, நல்லா ஓடும்’ என்று யாரோ சொன்னதை நம்பி வாங்கிய பி650 போர்டோ ஏஎம்5 சாக்கெட் கொண்டது. ஏஎம்4 வகையில் ஊசிகள் பிராசசரின் அடியில் இருக்கும். ஏஎம்5 வகையில் அவை போர்டில் இருக்கும். இரண்டும் சேரவே சேராது. ஊசி மடிந்துவிட்டதால் கடையிலும் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள்.

என்னை உறுத்தியது வேறொன்று. ‘தாய்ப்பலகை என்றால் என்ன?’ என்ற வினாவுக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் அவன். விடை எழுதக் கற்றுக்கொடுத்த நான், ஒரு போர்டின் விவரக்குறிப்பை வாசிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. அன்று அவனுடன் உட்கார்ந்து பேசியதையே இங்கே எழுதுகிறேன். உங்கள் மாணவரோ, வீட்டுப் பிள்ளையோ இதே கேள்வியுடன் நாளை வரக்கூடும்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். கேமின் வேகம் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டையும் பிராசசரையும் பொறுத்தது. எந்தெந்தப் பாகங்களைப் பூட்டலாம் என்பதைத் தீர்மானிப்பதே போர்டின் வேலை. எனவே பிராசசரை முடிவுசெய்த பிறகே போர்டைத் தேட வேண்டும்.

சாக்கெட்: இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிப் பிராசசர்களுக்கு எல்ஜிஏ 1700, ஏஎம்டி ரைசன் 5000 வரிசைக்கு ஏஎம்4, 7000, 9000 வரிசைகளுக்கு ஏஎம்5. சாக்கெட் பொருந்தினாலும் பயாஸ் பழையதாக இருந்தால் கணினி இயங்காமல் போகலாம். போர்டு தயாரிப்பாளரின் இணையதளத்தில், எந்தப் பிராசசருக்கு எந்தப் பயாஸ் பதிப்பு வேண்டும் என்ற பட்டியல் இருக்கும். அதைப் பார்த்துவிட்டே பணம் கொடுக்க வேண்டும்.

ரேம்: டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டும் ஒரே நீளமாகத் தெரியும். ஆனால் நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றொன்றின் இடத்தில் நுழையாது. ஏஎம்5 போர்டுகள் டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். எல்ஜிஏ 1700-இல் இரண்டு வகைப் போர்டுகளும் உண்டு. பெயரைக் கவனித்து வாங்க வேண்டும்.

சிப்செட்: இன்டெலில் பிராசசரின் வேகத்தை நாமே கூட்டும் வசதி இசட் வரிசைப் போர்டுகளில்தான் உண்டு. அந்த எண்ணம் இல்லாதவருக்கு, எந்த நிறுவனமானாலும் பி வரிசை போதும்.

மின்பகுதி: சாக்கெட்டைச் சுற்றியுள்ள விஆர்எம் பகுதிதான் பிராசசருக்கு ஏற்ற மின்னழுத்தத்தைத் தருகிறது. அதிக மின்சாரம் இழுக்கும் பிராசசர் என்றால், அந்தப் பகுதியின் மேல் வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அளவு: ஏடிஎக்ஸ் 305 × 244 மி.மீ., மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244 மி.மீ., மினி ஐடிஎக்ஸ் 170 × 170 மி.மீ. கேபினட் எந்த அளவை ஏற்கும் என்று முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று: ரைசன் 5 5600-க்குள் கிராபிக்ஸ் வசதி கிடையாது. போர்டில் எச்டிஎம்ஐ துளை இருந்தாலும் அதில் படம் வராது. மானிட்டரைக் கிராபிக்ஸ் கார்டில்தான் இணைக்க வேண்டும்.

வண்ண விளக்குகளுக்காக ஒரு போர்டின் விலை கூடுகிறது என்றால், அந்தப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும்.

அடுத்த முகூர்த்தக் காலம் முழுக்க அவன் மீண்டும் பரிமாறப் போனான். ஒரு மைக்ரோ ஏடிஎக்ஸ் பி550 போர்டைத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டும் முன் சாக்கெட், பயாஸ், ரேம், அளவு என்று அட்டவணை போட்டு எனக்குப் படம் அனுப்பினான். எல்லாம் பொருந்தியிருந்தன. எனக்குத் திருத்த ஒன்றும் இல்லை.

இப்போது என் பதினொன்றாம் வகுப்பில் தாய்ப்பலகைப் பாடம் ஒரு செயல்பாட்டுடன் தொடங்குகிறது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பிராசசர், ஒரு ரேம், ஒரு கேபினட் ஆகியவற்றின் பெயர்களைத் தருகிறேன். மூன்று போர்டுகளின் விவரக்குறிப்புகளையும் தருகிறேன். எது சேரும், மற்றவை ஏன் சேராது என்று காரணத்துடன் எழுத வேண்டும். ஒரு பாடவேளையே போதுமானது. செலவு சில தாள்கள்தான்.

ஊசி மடிந்த அந்தப் போர்டை அவன் ஆய்வகத்துக்கே கொடுத்துவிட்டான். செயல்பாட்டுக்கு முன் மாணவர்கள் அதைத்தான் முதலில் உருப்பெருக்கி வைத்துப் பார்க்கிறார்கள்.