330 கிலோ மீட்டருக்கு ஒன்றரை நாள் பயணம்: விமானத்தை நம்பி வாழும் அகர்தலா

புதுதில்லி: கொல்கத்தாவுக்கும் திரிபுரா தலைநகர் அகர்தலாவுக்கும் இடையே நேர்க்கோட்டில் அளந்தால் சுமார் 330 கிலோ மீட்டர்தான். விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ரயிலில் செல்வோர் சிலிகுரி, குவாஹாட்டி எனச் சுற்றி, சுமார் 1,600 கிலோ மீட்டர் கடக்க வேண்டும். ஒன்றரை நாள் பிடிக்கும். தில்லியிலிருந்து அகர்தலாவுக்கான வான்வழி தூரமே சுமார் 1,500 கிலோ மீட்டர்தான்!

இந்தச் சுற்று இயற்கை விதித்ததன்று. 1947-க்கு முன்னர் அகர்தலாவுக்கு ரயில் நிலையமாக விளங்கியது, சில கிலோ மீட்டர் தொலைவிலுள்ள அகௌரா. தேசப் பிரிவினையில் அது கிழக்குப் பாகிஸ்தானுக்குச் சென்றது. 1965 போரில் எல்லை தாண்டிய ரயில்களும் நின்றன. திரிபுராவின் வட எல்லையிலுள்ள தர்மநகருக்கு 1964-ல் வந்த ரயில், குமார்காட்டை 1990-லும் அகர்தலாவை 2008-லும்தான் எட்டியது. அகலப் பாதை வந்தது 2016-ல். மாநிலம் இந்தியாவுடன் இணைந்தது 1949 என்பதை இங்கே நினைவுகொள்ள வேண்டும்.

ஆகவே, அகர்தலாவாசிக்கு விமானம் வசதி படைத்தோரின் வாகனமன்று. கொல்கத்தாவுக்கும், அங்கிருந்து வேலூருக்கும் சிகிச்சைக்குச் செல்லும் நோயாளிகளும், வெளியூரில் பயிலும் மாணவர்களும் அதையே நம்பியுள்ளனர். பிற குறுந்தூர வழித்தடங்களில் கட்டணம் எகிறினால் பயணி இரவு ரயிலைப் பிடித்துவிடுவார். அந்த அச்சம் விமான நிறுவனங்களுக்கு ஒரு கடிவாளம். இங்கே அது இல்லை. துர்கா பூஜைக் காலத்தில் கட்டணம் உயர்வதும், கட்சி வேறுபாடின்றி மாநிலத் தலைவர்கள் முறையிடுவதும் வழக்கமாகிவிட்டன.

மத்திய அரசு கட்டணத்துக்கு வரம்பு கட்டாமலும் இல்லை. கொரோனா காலத்தில், 2020 மே மாதம், பயண நேரத்தின்படி வழித்தடங்களை ஏழு பிரிவுகளாகப் பிரித்து உச்சவரம்பு விதித்தது. 2022 ஆகஸ்ட் 31-ல் அதை நீக்கியது. 2025 டிசம்பரில் விமானங்கள் பெருமளவில் ரத்தானபோது, 500 கிலோ மீட்டர் வரை 7,500 ரூபாய் என்று தூரத்தின்படி வரம்பு வைத்தது. இரண்டு முறையும் வானத்துத் தூரமும் நேரமுமே அளவுகோல். தரையில் மாற்று வழி உண்டா என்ற கேள்வி அதில் இடம்பெறவில்லை.

அந்த வானமும் முழுக்க நம்முடையதன்று. நேர்வழியில் செல்லும் விமானம் வங்கதேசத்தின் மீதுதான் பறக்க வேண்டும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, வடநாட்டிலிருந்து மேற்கே செல்லும் விமானங்கள் எவ்வளவு சுற்ற நேர்ந்தது என்பதை நாடு கண்டது.

டாக்காவுடன் நல்லுறவு நிலவிய ஆண்டுகளில் தரைவழியும் திறக்கவே செய்தது. பாலடானா மின் நிலையத்தின் கனரக எந்திரங்கள் வங்கதேசத்தின் அசுகஞ்ச் ஆற்றுத் துறைமுகம் வழியாகவே வந்தன. 2016 முதல் திரிபுராவிலிருந்து அந்நாட்டுக்கு மின்சாரம் சென்றது. கொல்கத்தா-டாக்கா-அகர்தலா பேருந்து 2015-ல் தொடங்கியது. 12.24 கிலோ மீட்டர் நீள அகர்தலா-அகௌரா ரயில் பாதையை 2023 நவம்பர் 1-ல் பிரதமர் மோடியும் ஷேக் ஹசீனாவும் காணொலி வழியே திறந்துவைத்தனர். கொல்கத்தா பயணத்தை ஏறத்தாழ 10 மணி நேரமாகக் குறைக்கும் என்று சொல்லப்பட்ட பாதை அது.

பயணிகள் ரயில் ஓடத் தொடங்கும் முன்பே, 2024 ஆகஸ்டில் ஹசீனா ஆட்சி வீழ்ந்தது. இந்தியப் பகுதியில் இப்பாதைக்கென எழுப்பிய நிலையத்தின் பெயர் நிச்சிந்தபூர். வங்க மொழியில் ‘கவலையற்ற ஊர்’ என்று பொருள்.