வாயில்லாப் பூச்சிக்கும் ஒரு புல்தரை



அந்துப்பூச்சின்னா ராத்திரி விளக்கைச் சுத்தி வரும்னுதான் நமக்குத் தெரியும். ஆனால் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் நல்ல வெயிலில் பறக்கும் அந்துப்பூச்சி ஒன்று உண்டு. பெயர், தங்கச் சூரிய அந்துப்பூச்சி.

புழுவாக இருக்கும்போது மண்ணுக்கடியில் முக்கியமாக வாலபி புல் என்ற நாட்டுப் புல்லின் வேரைத் தின்று வளரும். பூச்சியாகி வெளியே வந்தபின் தின்பதற்கு வாய் கிடையாது. சில நாள்தான் உயிர். அதற்குள் ஜோடி சேர்ந்து முட்டையிட வேண்டும். பெண் பூச்சி பெரும்பாலும் தரையில் உட்கார்ந்தபடி ஆரஞ்சு நிறப் பின் இறக்கையைக் காட்டி ஆணை அழைக்கும். ஆணும் புல்தரையை விட்டு 100 மீட்டருக்கு மேல் போவது அபூர்வம்.

பிரச்சினையே இங்கேதான். உழவுக்கும் வீட்டுமனைக்கும் புல்தரையைத் துண்டு துண்டாக்கிவிட்டார்கள். நடுவில் 200 மீட்டர் இடைவெளி விழுந்தாலே அக்கரைப் பூச்சி இக்கரைக்கு வராது. ஒரு துண்டில் அழிந்தால் அங்கே அழிந்ததுதான். 2002-ல் மிக அபாய நிலைப் பட்டியலில் இருந்தது. பல புது இடங்களில் கண்டுபிடித்த பிறகு 2021-ல் இரண்டு படி இறக்கினார்கள். ஆனாலும் ஆபத்து தீரவில்லை.

மரமில்லாத புல்வெளியை 'சும்மா கிடக்குது' என்கிறோம். நம்ம ஊர் மேய்ச்சல் புறம்போக்கையும் அப்படித்தானே சொல்றோம்? அங்கே என்னென்ன வாழுதுன்னு ஒருநாள் போய்ப் பார்த்துட்டு, அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுவோம், வாங்க!