விளக்கை அணைக்கவும் கற்பிப்போம்

மாசி பிறந்ததும் நம் இல்லங்கள் பலவற்றின் முகமே மாறிவிடுகின்றது. தொலைக்காட்சி ஓய்ந்துவிடுகின்றது. உறவினர் வீட்டுத் திருமணத்திற்குத் தந்தை மட்டும் சென்று திரும்புகின்றார். அதிகாலை நான்கு மணிக்கே அடுப்பில் காப்பி கொதிக்கின்றது. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை உள்ள வீடு அது. 1978-இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியதிலிருந்து, மகனோ மகளோ எழுதும் அத்தேர்வைக் குடும்பமே எழுதுவது போல ஆகிவிட்டது.

பிள்ளையின் நலன் கருதியே இவற்றையெல்லாம் செய்கின்றோம், ஐயமில்லை. ஆயினும் நாம் ஊட்டுவது ஊக்கமா, அச்சமா என்று சற்றே நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

உறக்கம் வீண்பொழுதா?

உறக்கத்தைப் படிப்பின் பகைவனாகக் கருதும் வழக்கம் நம்மிடையே ஊறிப்போயிருக்கின்றது. அறிவியல் காட்டுவதோ வேறு. 1924-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர் ஓர் ஆய்வு செய்தனர். பொருளற்ற அசைகளை மாணவர் இருவரை மனப்பாடம் செய்யச் சொல்லி, சில மணி நேரம் கழித்துக் கேட்டனர். விழித்திருந்த பொழுதைவிட, உறங்கி எழுந்த பொழுது அவர்கள் மிகுதியாக நினைவு கூர்ந்தனர்.

அறுவடையான நெல் களத்தில் கிடந்தால் மட்டும் போதாது. தூற்றிக் குதிரில் சேர்த்தால்தான் ஆண்டு முழுவதும் உதவும். பகலில் கற்றவற்றை மூளை நிலையான நினைவாகச் சேர்த்து வைக்கும் பணியில் பெரும்பங்கு உறக்கத்தின்போதே நடைபெறுகின்றது. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ளோர் நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரம் உறங்க வேண்டுமென அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. நள்ளிரவு வரை படித்த பிள்ளையை நான்கு மணிக்கு எழுப்பும் நாம் அதில் பாதியையே தருகின்றோம். இரவில் அருந்தும் காப்பியும் உதவாது. அதன் ஊக்கப்பொருளில் ஏறத்தாழப் பாதி, ஐந்து மணி நேரம் கழிந்த பின்னும் உடலில் தங்கி உறக்கத்தைக் கெடுக்கும்.

படிக்கும் முறை

நெடுநேரம் படிப்பதும் நன்றாகப் படிப்பதும் ஒன்றல்ல. ஒரே நாளில் மூன்று மணி நேரம் படிப்பதைவிட, மூன்று நாள்களில் ஒவ்வொரு மணி நேரமாகப் படிப்பது நெடுநாள் நினைவில் நிற்கும். இடைவெளி விட்டுப் பயில்வதன் இப்பயனை 1885-ஆம் ஆண்டிலேயே செருமானிய அறிஞர் எபிங்காஸ் கண்டு எழுதினார்.

பாடத்தை மீண்டும் மீண்டும் வாசிப்பதைவிட, நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பதும் சிறந்தது. ரோடிகர், கார்ப்பிக்கே ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்ப வாசித்த மாணவரைவிடத் தம்மைத் தாமே சோதித்துக்கொண்டவர்கள் ஒரு வாரம் கழித்து மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர்.

எனவே, ஐம்பது நிமிடம் படித்தபின் பத்து நிமிடம் எழுந்து உலாவட்டும். செடிக்கு நீர் ஊற்றட்டும். தம்பி தங்கையரோடு சிரித்துப் பேசட்டும். அவ்விடைவேளையில் கைப்பேசியைப் புரட்டுவது ஓய்வாகாது. கண்ணும் மனமும் அப்பொழுதும் உழைத்துக்கொண்டேயிருக்கும். மாலையில் அரை மணி நேர விளையாட்டு, படிப்பிலிருந்து திருடிய நேரம் அன்று. ஞாயிற்றுக்கிழமையையும் சிறப்பு வகுப்புகளுக்கே தாரை வார்த்துவிடாமல், திருப்பலிக்குப்பின் குடும்பமாக அமர்ந்து உண்ணும் ஒரு வேளையையாவது காத்துக்கொள்வோம். ஏழாம் நாள் ஓய்வு நமக்குக் கட்டளையாகவே தரப்பட்டதன்றோ!

பெற்றோரே, சற்றே செவிமடுப்பீர்!

"அடுத்த வீட்டுப் பையனைப் பார்" என்னும் சொல் எவரையும் படிக்க வைத்ததில்லை, புண்படுத்தியதே மிகுதி. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் முறையைத் தமிழக அரசே 2017-இல் கைவிட்டது. அரசு கைவிட்ட தரவரிசையை நாம் வீட்டுக்குள் நடத்தலாமா? தவறிய பாடத்தை அவ்வாண்டே எழுதத் துணைத்தேர்வும் உண்டு என்பதைத் தேர்வுக்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவைப்போம்.

உணவில் நாட்டமின்மை, உறக்கமின்மை, காரணமின்றி அழுதல், எவரோடும் பேசாது ஒதுங்குதல், "நான் இருந்து என்ன பயன்" என்னும் பேச்சு ஆகியவற்றைச் சோம்பல் என்றோ நடிப்பு என்றோ தள்ளிவிடலாகாது. அருகில் அமர்ந்து, அறிவுரை கூறாது, முதலில் கேட்போம். மருத்துவரை நாடத் தயங்கோம். நடுவண் அரசின் மனநல உதவி எண் 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

மதிப்பெண் பட்டியல் ஒரு தாள். அதைக் கொண்டுவரும் பிள்ளையோ நம் கையில் ஒப்படைக்கப்பட்ட செல்வம். இன்றிரவு பத்து மணிக்கு, "போதும் கண்ணே, படுத்துக்கொள், எந்த மதிப்பெண் வந்தாலும் நீ எங்கள் பிள்ளைதான்" என்று சொல்லி நாமே விளக்கை அணைப்போம். அவ்வொரு சொல் தரும் அமைதியை எந்தச் சிறப்பு வகுப்பும் தர இயலாது.